பூட்ஸ் என்ன விலை?

'பிகில்' படத்தை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை 2019 தீபாவளியை ஒட்டி, வடசென்னைத் தியேட்டர் ஒன்றில். விசில் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழவில்லை. அதனால் படத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை சென்ற மாதம், திருவொற்றியூரில் தேரடிப் பக்கம் இருக்கும் என் நண்பன் வீட்டுத் தொலைக்காட்சியில். நண்பனும் நானும் ஒரே வருஷம் கல்லூரியில் சேர்ந்து, ஒரே வருஷம் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். துறைமுகச் சரக்குகளை க்ளியர் செய்து கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் அவன் கணக்கு எழுதுகிறான். நான் கதை எழுதுகிறேன். எங்கள் இருவரில் யார் எழுதுவது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற விஷயத்தில் அவன் மனைவிக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு.

அந்த அம்மாள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே படமும் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தலை நிமிராமலே கேட்டார்:

"ஏண்ணா, இந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் பூட்ஸ் யார் வாங்கிக் கொடுத்தாங்க?"

"மாநில அணிதானேம்மா? சங்கம் கொடுத்திருக்கும்."

"மாநில அணிக்கு வர்றதுக்கு முன்னாடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படம் எடுத்தவர்களைக் கேட்டாலும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சிரித்துச் சமாளித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர்கள் பையன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

பையனுக்குப் பதினான்கு வயது. கால்பந்து ஆடுகிறான். சுமாராக அல்ல, நன்றாகவே ஆடுகிறான். எனக்கு ஆட்டம் தெரியாது, தெரிந்தவர்கள் சொன்னார்கள். நகரத்தின் தெற்குக் கோடியில் ஓர் அகாடமியில் அவனைச் சேர்த்திருக்கிறார்கள். அகாடமியின் பெயர் இங்கே வேண்டாம். மற்ற அகாடமிகளைக் காட்டிலும் அது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. படம் முடிந்த பிறகு அந்த அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு டயரியை எடுத்து வந்து என் மடியில் போட்டார். கப்பல் கம்பெனி ஒன்று புது வருஷத்துக்கு இனாமாகக் கொடுத்த டயரி. அதில் நண்பன் தன் ஆபீஸ் எழுத்தில், இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று பையனின் கால்பந்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தான்.

சேர்க்கைக் கட்டணம், இரண்டு ஜெர்சி உட்பட, 10,000. மாதக் கட்டணம் 4,500. பூட்ஸ் 3,800, ஆறு மாதம் கழித்து இன்னொரு ஜோடி, அதே விலை. முழங்காலுக்குக் கீழே கட்டும் தகடும் நீள சாக்ஸும் 900. பெட்ரோல் மாதம் 1,800. பெட்ரோலுக்கு ஒரு விளக்கம் தேவை. 2021 பிப்ரவரியிலேயே விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் பயிற்சி காலை 6 மணிக்கு. முதல் வண்டியில் ஏறினாலும் அங்கே இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது மற்றப் பையன்கள் வியர்த்து நிற்பார்கள். ஆகவே வாரம் நான்கு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு, எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக, அப்பாவும் பிள்ளையும் பைக்கில் போகிறார்கள். பையன் முதுகில் பையோடு பின்னால் தூங்கிக்கொண்டு வருவானாம். விழுந்துவிடாமல் இருக்க நண்பன் ஒரு பழைய துண்டால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறான். துண்டுக்குக் கணக்கு எழுதவில்லை.

முட்டை, வாழைப்பழம், பாதாம், மாதம் 1,500. பிறகு கோவாவில் ஒரு போட்டி: ரயில், தங்கல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 18,500. அந்த வரிக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் பென்சிலால் ஒரு வகுத்தல் போட்டிருந்தார். ஐந்து நாளில் பையன் மைதானத்துக்குள் இருந்தது 74 நிமிஷம். நிமிஷத்துக்கு 250 ரூபாய்.

வருஷக் கூட்டல் 1,30,600. கணவன் சம்பளம் 42,000, மனைவி சம்பளம் 14,000. இரண்டு பேரும் இரண்டு மாதத்துக்கு மேல் பந்துக்காகவே வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக் கடன் தவணை இந்த டயரியில் இல்லை. அதற்கு வேறு நோட்டு.

இனி படங்களுக்கு வருகிறேன். தமிழில் விளையாட்டை வைத்து வந்த கதைகளுக்கு இப்போது குறைவில்லை. அவற்றில் பலவற்றை நான் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் அந்த டயரியைப் படித்த பிறகு அவற்றை நினைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. 'பிகில்' படத்தில் தடைகளுக்குப் பஞ்சமே இல்லை. கால்பந்துச் சங்கத்தின் தலைவரே வில்லன். ஒரு பெண் முகத்தில் ஆசிட் வீசுகிறார்கள். இன்னொரு பெண்ணைப் புகுந்த வீடு பூட்டி வைக்கிறது. எல்லாம் பெரிய தடைகள். எல்லாவற்றுக்கும் முகம் இருக்கிறது. முகம் இருப்பதால் அவற்றின் மேல் கோபம் கொள்ளலாம். கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் போட்டு அவற்றை ஜெயித்தும் விடலாம். மாதா மாதம் ஐந்தாம் தேதி வரும் 4,500 ரூபாயை எந்தக் கோல் போட்டு ஜெயிப்பது?

சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) இதைவிட நல்ல படம். வடசென்னை மீனவப் பெண்ணைப் பற்றியது, குத்துச்சண்டை. அதில் பணம் வருகிறது. ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது பாருங்கள். பயிற்சிக்கு வா என்று கோச்சே அந்தப் பெண்ணுக்குக் கைக்காசு கொடுக்கிறார்! இது நடக்காது என்று நான் சொல்லவில்லை. நல்ல கோச்சுகள் உண்டு. கதைக்கு இது ரொம்பவும் சௌகரியம் என்கிறேன். பணப் பிரச்சினையை ஒரு நல்ல மனிதரின் சட்டைப் பைக்குள் போட்டு மூடிவிட்டால், பிறகு கோபதாபங்களையும் காதலையும் கவனிக்கலாம். அதே படத்தில் ஓர் அக்கா வருகிறாள். விளையாட்டு இடஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் குத்துச்சண்டை பழகுகிறவள் அவள். படத்தில் நிஜமான மனுஷி அவள்தான் என்பது என் கட்சி. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், இருப்பது ஒரு வாய்ப்பு என்ற விஷயத்துக்கு மிகவும் கிட்டத்தில் வந்து, கடைசியில் அதை அக்காவின் பொறாமையாக மாற்றித் தங்கை கையைக் காயப்படுத்த வைத்துவிட்டார்கள். பொறாமை நடிப்பதற்கு எளிது.

அருண்ராஜா காமராஜின் 'கனா' (2018) கடனைப் பேசுகிற படம். வங்கிக்காரர்கள் வந்து வீட்டை ஜப்தி செய்கிறார்கள். சத்யராஜ் அந்த அவமானத்தைத் தாங்குவதை மறக்க முடியாது. ஆனால் அது விவசாயக் கடன். மகளின் கிரிக்கெட்டுக்காக அவர் வாங்கியது அல்ல. ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் கிரிக்கெட் என்று இரண்டு தண்டவாளமாகப் படம் ஓடுகிறது. இரண்டும் ஒரே கணக்கு நோட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தால் அந்த அப்பா என்ன செய்வார் என்று படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய நல்ல குணத்துக்கு உண்மையான சோதனை வந்திருக்கும்.

நம் கதைகளில் நடுத்தர வர்க்கத்து அப்பாவுக்கு விளையாட்டு விஷயத்தில் ஒரே ஒரு வசனம்தான் உண்டு: "பந்து சோறு போடுமா?" இதைச் சொல்லிவிட்டு அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார். பிள்ளை ஜெயித்த பிறகு கண் கலங்குவார். அந்த அப்பா ஒரு காலத்தில் இருந்தார். அவருக்கும் ஒரு பதில் இருந்தது. பந்து சோறு போட்டது. ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி என்று சென்னையில் கால்பந்து அணி வைத்திருந்த ஸ்தாபனங்கள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. என் நண்பனின் தாய்மாமன் ஒருவர் பந்தாடியே ரயில்வே வேலைக்குப் போனவர். அவர் செய்த முதலீடு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. அதுவும் அண்ணனுடையது.

இன்றைக்கு அப்பா மாறிவிட்டார். "சரி" என்கிறார். வேண்டாம் என்று சொல்கிற அப்பாவை எழுதுவது சுலபம். நானே மூன்று கதைகளில் எழுதியிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போடுகிற அப்பாவை எழுதுவது கஷ்டம். அவர் யாரையும் தடுக்கவில்லை. அவரை எதிர்த்து யாரும் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. கதைக்கு வேண்டிய சண்டை அவருக்குள்ளேயே நடக்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

கதாசிரியர்கள் இதைச் செய்ய முடியாது என்பதில்லை. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் என்ன இருக்கிறது? ஓர் எழுத்தாளன், மனைவி, குழந்தை, கொஞ்சம் சில்லறைக் கடன். அதை வைத்துக்கொண்டே ஒரு குடித்தனத்தின் முழு உருவத்தையும் அவர் காட்டிவிட்டார். மளிகைக் கடைப் பாக்கியை எழுதத் தெரிந்த பாஷை நம்முடையது. மைதானத்துக்குள் நுழைந்ததும் ஏனோ அதை வெளியே கழற்றி வைத்துவிடுகிறோம்.

பக்கத்து வீட்டு மலையாளத்தில் ஸக்கரியா எடுத்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) என்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மலப்புறத்தில் ஏழு பேர் ஆடும் கால்பந்து. மஜீத் என்ற ஏழை மேனேஜர். அவன் அணிக்கு ஆட வந்த நைஜீரியாக்காரன் குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்துவிடுகிறான். ஆஸ்பத்திரிச் செலவு கட்டுபடியாகாமல் மஜீத் அவனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் படத்தில் அன்பு பிறப்பதே பணமுடையிலிருந்துதான். ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்திருந்தால் மஜீதின் தாயார் அந்த அந்நியப் பையனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்க மாட்டாள், படமே இல்லை.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி மலரில் நானும் கால்பந்துக் கதை ஒன்று எழுதினேன். காசிமேட்டுப் பையன். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பையன் வெறுங்காலோடு ஆடுகிறான். கோயில் பாதிரியார் ஒருவர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறார். கடைசிப் பாராவில் கோப்பை. நிறையக் கடிதங்கள் வந்தன. அந்தக் கதையை நண்பன் மனைவி கத்தரித்து வைத்திருந்தார். டயரிக்குள்ளிருந்து அதையும் எடுத்துக் காட்டினார்.

"பாதிரியார் ரொம்ப நல்லவர்ணா. எங்க தெருவுக்கு ஒருத்தர் இருந்தா அனுப்பி வைங்க."

அந்தப் பையனை நான் ஏன் அத்தனை ஏழையாக்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரக்கத்தினால் என்று அப்போது நினைத்திருப்பேன். உண்மையில் சோம்பல்தான் காரணம். அடியோடு இல்லாதவனுக்கு யாராவது கொடுக்கலாம். கொஞ்சம் இருக்கிறவனுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள், அவனும் கேட்கமாட்டான். அந்தக் கேட்காமல் இருக்கிற மனசை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.

அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி ஒன்றும் தூர தேசமல்ல. 1997 முதல் அங்கே சகோதரர்கள் இருவர் தொடங்கிய அமைப்பு ஒன்று குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்குக் காசு வாங்காமல் கால்பந்தும் சொல்லிக் கொடுத்து, பாடமும் படிக்க வைக்கிறது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடியவர். "அங்கே அனுப்பேன்" என்று நண்பனைக் கேட்டேன். அது கஷ்டப்படுகிற குழந்தைகளுக்கு இருக்கிற இடம், நாம் போய் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது என்றான். நல்ல பதில். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் மனைவியைப் பார்த்தான். அவர் விடைத்தாளைப் பார்த்தார். பதிலில் பாதிதான் நியாயம், மீதிப் பாதி வேறு என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வியாசர்பாடி என்றால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் அந்த மீதி. வருஷம் 1,30,600 ரூபாயில் எவ்வளவு கால்பந்துக்கு, எவ்வளவு அந்த மீதிக்கு என்று டயரி பிரித்துக் காட்டவில்லை. எந்தப் படமும் காட்டவில்லை. ஒரு நாவலாசிரியன் காட்டலாம்.

சென்னை நகரமே ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. 2024 அக்டோபர் கடைசியில், மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது; தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். செய்தி வந்த அன்று நண்பன் மனைவி கணக்குப் போட்டாராம்: தினம் இரண்டு மணி, மாதம் 25 நாள், 6,000 ரூபாய். "அகாடமியே தேவலைன்னு ஆயிடுச்சுண்ணா" என்றார். எனக்கு அந்தச் செய்தி செய்தியாகத்தான் போயிற்று. ஒரு பையனை அந்தத் திடலின் வாசலில் நிறுத்தி, கையில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று எழுதியிருக்கலாம். தோன்றவில்லை.

வெளிநாடுகளிலும் இது உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளின் கால்பந்து வெகுநாளாகப் பெற்றவர்கள் பணத்தில்தான் நடக்கிறது. அங்கேயும் நடுத்தரக் குடும்பங்கள் இதைச் சொல்லிப் புலம்புகின்றன. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தேர்ந்தெடுத்த பையன்களைத் தங்கள் செலவில் வளர்க்கின்றன. 2001 முதல் ஃபிஃபாவில் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் ஆட்டக்காரர் பணத்துக்கு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவிகிதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை நண்பனிடம் சொன்னேன். கணக்கு எழுதுகிறவனாதலால் அவனுக்கு விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "பெட்ரோல் போட்டவனுக்கு?" என்றான். அவனுக்கு அதில் பங்கில்லை.

மேலே போனால்தான் என்ன நிச்சயம்? 2025 ஜூலையில் சங்கத்துக்கும் வியாபாரக் கூட்டாளிக்கும் ஒப்பந்தத் தகராறு வந்து ஐ.எஸ்.எல். போட்டியையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் நிறுத்தின. அன்றைய பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் பையன் கண்ணில் படாமல் நண்பன் ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டான். பையன் அதை முந்தின நாள் ராத்திரியே அம்மாவின் போனில் பார்த்திருந்தான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவனும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஒரே செய்தியை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு காலை நாலரை மணிக்கு ஒரே பைக்கில் போகிறார்கள். இதைவிடப் பெரிய காட்சியை நம் டைரக்டர்கள் ஆயிரம் துணை நடிகர்களை வைத்தும் எடுத்ததாகத் தெரியவில்லை.

டயரியின் வரவுப் பக்கத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். அதிகம் இல்லை. போனஸில் எடுத்தது, சீட்டுப் பணம், மாமியார் கொடுத்தது. அப்புறம் ஒரு வரி: "பாப்பா பரதநாட்டிய க்ளாஸ் நிறுத்தியது: 800." மாதா மாதம் அந்த 800 வரவில் வந்துகொண்டே இருந்தது. கணக்கு முறைப்படி அது சரிதான். 'இறுதிச்சுற்று' அக்காவை நினைத்துக்கொண்டேன். இந்தப் பெண் பத்து வயதுக்காரி; பொறாமைப்படுகிறவளாகத் தெரியவில்லை. அண்ணன் ஆட்டத்தை இதுவரை நேரில் பார்த்ததில்லையாம். பைக்கில் இடமில்லை. ஆனால் ஆஃப்சைட் என்றால் என்னவென்று, இரண்டு தீப்பெட்டியையும் ஒரு ரப்பரையும் வைத்து எனக்கு விளக்கினாள். எனக்கு இன்னும் புரியவில்லை; அவள் தப்பில்லை.

புறப்படும்போது செலவுப் பக்கத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது: "நகம், டாக்டர்: 300."

என்னவென்று கேட்டேன். நவம்பரிலேயே பையனுக்குக் கால் வளர்ந்து பூட்ஸ் இறுக்கமாகிவிட்டதாம். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பூட்ஸ். அவன் யாரிடமும் சொல்லவில்லை. விரலை மடக்கிக்கொண்டே ஆடியிருக்கிறான். சாக்ஸைத் துவைக்கும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தாயாருக்குத் தெரிந்தது.

"இப்போ புதுசு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சுண்ணா. எட்டாம் நம்பர் சரியா இருக்குன்னான். ஒன்பது வாங்கியிருக்கேன். முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சிருக்கு."